பாரிசைச் சுற்றிய புதுநகரங்கள்: போட்டவர்கள் எங்கே தொழில் கற்றார்கள்?

செர்ஜிவாசி

பதினொரு வருடமாக செர்ஜியில் குடியிருக்கிறேன். பாரிசுக்கு வடமேற்கே, ஆர்.இ.ஆர். என்ற புறநகர் ரயிலில் ‘ஏ’ வண்டியின் கடைசிப் பக்கம். இங்கே மாவட்ட ஆட்சி அலுவலகம் தலைகீழாகக் கவிழ்த்த பிரமிடு மாதிரி இருக்கும். புதுச்சேரியிலிருந்து வந்த என் மாமனார் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, “கொத்தனார் பிளானைத் தலைகீழா புடிச்சிட்டான் போலிருக்கு” என்றார். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் நாம் நடப்பது தரை அல்ல, ஒரு பெரிய கான்கிரீட் தளம். கார்கள் அதற்குக் கீழே ஓடும். 1960-களில் இந்த இடமெல்லாம் வயலும் சில கிராமங்களும்தான்.

இந்த ஊரை யார் தீர்மானித்தார்கள் என்று தேடப்போய்த்தான் இந்த இழை. பால் தெலுவ்ரியே என்று ஒரு நிதித்துறை அதிகாரி. 1958 டிசம்பரில் பிரான்சின் தலைவர் தெ கோல் இவரை, அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அல்ஜீரியாவுக்கு அரசின் தலைமைப் பிரதிநிதியாக அனுப்புகிறார். போர் உச்சத்தில் இருக்கிறது. ராணுவம் ஜெனரல் ஷால் கையில், சிவில் நிர்வாகம் இவர் கையில். இவர் தலையில் விழுந்த பெரிய வேலை கோன்ஸ்தாந்தீன் திட்டம். அந்த வருடம் அக்டோபர் 3-ம் தேதி தெ கோல் கோன்ஸ்தாந்தீன் நகரில் அறிவித்தது: ஐந்தே வருடத்தில் 10 லட்சம் பேர் குடியிருக்க 2 லட்சம் வீடு, 4 லட்சம் வேலை, முஸ்லிம் விவசாயிகளுக்கு 2.5 லட்சம் ஹெக்டேர் நிலம். விடுதலைப் போராட்டத்தை வீடு கட்டிக் கரைத்துவிடலாம் என்ற கணக்கு. கரையவில்லை என்பது தெரிந்த கதை.

1960 நவம்பரில் தெலுவ்ரியே அங்கிருந்து கிளம்பினார். 1961 ஆகஸ்டில் பாரிஸ் வட்டாரத்துக்கு ‘டிஸ்ட்ரிக்ட்’ என்று புது அமைப்பு வந்தது. அதற்கும் அவரே தலைமைப் பிரதிநிதி. பதவிப் பெயர்கூட கிட்டத்தட்ட அதேதான்! தெ கோல் ஹெலிகாப்டரில் புறநகரைச் சுற்றிப் பார்த்து, “இந்தக் கந்தரகோளத்தை ஒழுங்குபண்ணு” என்று இவரிடம் சொன்னதாக ஒரு கதை இங்கே உலவும். 1965-ல் பாரிஸ் வட்டாரத்துக்குப் பெருந்திட்டம் வெளியானது. எட்டு புதுநகரங்கள் போட்டார்கள், ஐந்து நின்றன: செர்ஜி-போந்துவாஸ், எவ்ரி, மார்ன்-லா-வாலே, மெலன்-செனார், சேன்-கன்தேன்-ஆன்-இவ்லீன். செர்ஜியைக் கட்ட வந்த பொறியாளர் பெர்னார் இர்ஷ், அதற்கு முன் மேற்கு ஆப்பிரிக்கக் காலனிகளில் வேலை பார்த்தவர்.

என்னை யோசிக்க வைத்தது கட்டடங்கள் இல்லை. நிலம் எடுத்த விதம். 1962 ஜூலையில் ஒரு சட்டம் வந்தது. அரசு ஒரு பகுதியைச் சுற்றிக் கோடு கிழித்துவிட்டால், அங்கே யார் நிலம் விற்றாலும் முதலில் அரசிடம்தான் கேட்க வேண்டும். கோடு கிழிப்பதற்கு முந்தைய நிலவரத்தை வைத்துத்தான் விலையும். தெலுவ்ரியே ஆட்கள் முதலில் கோட்டைக் கிழித்தார்கள். இங்கே நகரம் வரப்போகிறது என்று அப்புறம் சொன்னார்கள். ஊர் மேயர்கள் பலருக்கு விஷயம் தெரிந்தபோது நிலம் பூட்டப்பட்டிருந்தது. இந்தத் துணிச்சல் ஒரு ஆளுக்கு எங்கே வரும்? உள்ளூர்க்காரனைக் கேட்டு வேலை செய்யும் பழக்கமே இல்லாத இடத்தில் வேலை பார்த்தவனுக்கு வரும். இதுதான் என் கட்சி. அடிக்க வருபவர்கள் வரலாம்.

வாய்க்கால்கரை

அண்ணே, எங்கள் புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் ஊர், மேற்கே தமிழர் ஊர் என்று எப்போதோ கோடு போட்டுவிட்டார்கள். அதனால் கோடு கிழிப்பது புதிதில்லை. :)

ஒரு சொல் விஷயம். ‘வில் நூவெல்’, அதாவது புதுநகரம் என்ற பெயரை மொரோக்கோவில் கேட்டுப் பாருங்கள். ஃபெஸ் நகரம் போனால் மதீனா எனப்படும் பழைய ஊரை விட்டுத் தள்ளி, பிரெஞ்சுக்காரர்களுக்காகப் போட்ட அகலத் தெருப் பகுதிக்கு இன்றும் அதுதான் பெயர். அங்கே பிரெஞ்சு ஆட்சித் தலைவராக இருந்த லியோத்தே காலத்தில் வந்தது, 1912-க்கு அப்புறம். 1965-ல் பாரிஸ் திட்டத்துக்கு அதே சொல்லை எடுத்தது தற்செயலா?

கணக்குப்பிள்ளை

நல்ல இழை. ஆனால் செர்ஜிவாசி சார், கொஞ்சம் வேகமாக ஓடுகிறீர்கள்.

ஒன்று, தெலுவ்ரியே அல்ஜீரியாவில் இருந்தது இரண்டு வருடம்கூட நிறையவில்லை. அதற்கு முன்னால் பிரான்சில் மொனேயின் தேசியத் திட்டக்குழுவில் இருந்தார், லக்சம்பர்க்கில் ஐரோப்பிய நிலக்கரி-எஃகு சமூகத்தில் இருந்தார். ஐந்தாண்டுக் கணக்கு போடும் பழக்கத்தை அங்கேயே கற்றிருப்பார். அல்ஜியர்ஸ் போய்க் கற்க வேண்டியதில்லை.

அப்புறம், புதுநகரத்துக்கு முன்மாதிரி கண்ணெதிரே இருந்தது. பிரிட்டனில் 1946-லேயே புதுநகரச் சட்டம். லண்டனைச் சுற்றி ஸ்டீவனேஜ், ஹார்லோ எல்லாம் எழும்பிவிட்டன. ஸ்டாக்ஹோம் பக்கம் வெல்லிங்பி 1954-ல் திறந்தாகிவிட்டது. பாரிஸ்காரர்கள் அவற்றைப் போய்ப் பார்க்காமலா இருந்திருப்பார்கள்? காலனியே இல்லாத ஸ்வீடன்காரனும் புதுநகரம் கட்டினான்.

காலனிப் பொறியாளர்கள் இங்கே நிறையப் பேர் வந்தது எதனால்? 1960-ல் ஆப்பிரிக்காவில் ஒரே வருடத்தில் பதினாலு பிரெஞ்சு ஆட்சிப் பகுதிகள் சுதந்திரம் பெற்றன. வேலை போச்சு. ஊருக்குத் திரும்பியவனுக்கு எந்தப் பெரிய வேலை காலியாக இருக்கிறதோ அதில்தான் சேர்வான். நம் ஊரில் வளைகுடாவிலிருந்து திரும்பிய எல்லோரும் கட்டட கான்ட்ராக்டர் ஆகவில்லையா, அந்த மாதிரி. இதில் ‘சிந்தனை வந்தது’ என்று சொல்ல என்ன ஆதாரம்?

இன்னொன்று. அந்தத் திட்டம் 2000-ல் பாரிஸ் வட்டாரத்துக்கு 1 கோடியே 40 லட்சம் பேர் என்று கணக்குப் போட்டது. 1999 கணக்கெடுப்பில் 1 கோடியே 9 லட்சத்துச் சொச்சம். அல்ஜீரியாவிலும் இலக்கு எட்டவில்லை, இங்கேயும் எட்டவில்லை. அதைத்தான் தொடர்ச்சி என்று சொல்ல வேண்டும்.

செர்ஜிவாசி

கடைசி வரி நன்றாகவே கடித்தது சார்.

லண்டன், ஸ்டாக்ஹோம் உண்மைதான், அதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஊர் எப்படி இருக்க வேண்டும் என்பதை அங்கிருந்து எடுத்தார்கள். ஆனால் பிரிட்டனில் சட்டம் வந்து, நாடாளுமன்றத்தில் பேசி, பொது விசாரணை நடத்தி (ஸ்டீவனேஜ்காரர்கள் நீதிமன்றம் வரை போனார்கள்) அப்புறம்தான் வேலை. இங்கே 1965 திட்டம் சட்டப்படி முறையாக ஒப்புதல் பெறவே இல்லை என்பது உங்களுக்குத் தெரியுமா? ஒப்புதல் பெற்றது 1976-ல் வந்த திருத்திய திட்டம். அதற்குள் செர்ஜியில் ஆட்கள் குடிவந்து, எவ்ரியில் தெருக்கள் போட்டு, ஆர்.இ.ஆர். முதல் துண்டு ஓடத் தொடங்கி ஏழு வருடம் ஆகிவிட்டது. புதுநகரங்களுக்கான தனிச்சட்டமே 1970-ல்தான்.

அல்ஜீரியா இரண்டு வருடம் என்கிறீர்கள். எந்த இரண்டு வருடம் என்று பாருங்கள். போராளிகளுக்குச் சோறு கிடைக்கக் கூடாது என்று ராணுவம் மலைக் கிராமங்களைக் காலிசெய்து, முள்வேலி போட்ட முகாம்களில் ஜனங்களை அடைத்துக்கொண்டிருந்தது. தெலுவ்ரியே போய் இறங்கியதும் இதைப்பற்றி ரகசியமாக அறிக்கை கேட்டார். எழுதிக்கொடுத்த இளம் அதிகாரி மிஷேல் ரொக்கார். பின்னாளில் பிரதமரான அதே ரொக்கார். பத்து லட்சம் பேர் முகாமில், குழந்தைகள் பசியில் செத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எழுதினார். 1959 ஏப்ரலில் அது பத்திரிகையில் கசிந்து பெரிய ரகளை.

அதற்குள் தெலுவ்ரியே என்ன செய்தார்? தன் அனுமதி இல்லாமல் புது முகாம் கூடாது என்றார். சரி. ஆனால் இருக்கிற முகாம்களைக் கலைக்கவில்லை. அவற்றில் நிற்கக்கூடியவற்றை நிரந்தரக் கிராமமாக்குவோம், ‘ஆயிரம் கிராமங்கள்’ என்று திட்டம் போட்டார். தெரு, பள்ளி, குழாய், சந்தை. வேலிக்குள் இருந்ததை வரைபடமாக மாற்றினார். கெட்ட எண்ணம் என்று நான் சொல்லவில்லை. முகாமைவிடக் கிராமம் மேல்தான். ஆனால் ஒரு மனிதன் மேசையில் உட்கார்ந்து, ஆயிரம் ஊர் எங்கே இருக்கலாம் என்று வட்டம் போட்டுப் பழகிவிட்டான். இரண்டு வருடம் போதாதா?

(ரொக்கார் பின்னால் பதினேழு வருடம் மேயராக இருந்த ஊர் கோன்ஃபிளான். செர்ஜியிலிருந்து நான் சைக்கிளில் போகும் தூரம்.)

யோகஹாமாக்காரன்

இதைப் படித்ததும் ஜப்பான்காரர் ஒருவர் ஞாபகம் வந்துவிட்டது: கோத்தோ ஷின்பெய். நீங்கள் சொல்வதற்கு அரை நூற்றாண்டு முந்தைய கதை, முடிவு நேர் எதிர்.

கோத்தோ மருத்துவர். ஜெர்மனியில் சுகாதாரம் படித்தவர். 1898-ல் தைவானுக்கு சிவில் நிர்வாகத் தலைவராகப் போனார். அதைக் கைப்பற்றி மூன்றே வருடம் ஆகியிருந்தது. இவருடைய பிரபலமான பேச்சு ஒன்று உண்டு. தட்டைமீனுக்கு இரண்டு கண்ணும் ஒரே பக்கம் இருக்கும். பார்க்க நன்றாயில்லை என்று அதைக் கடல் பிரீம் மீன் மாதிரி இரண்டு பக்கமும் மாற்றி வைக்க முடியாது. ஜனங்களின் வழக்கமும் அப்படித்தான், முதலில் ஆராய்ந்து தெரிந்துகொள் என்பார். அதனால் போனவுடன் நில அளவை, பழைய வழக்கங்கள் பற்றிய விசாரணை, அப்புறம் 1905-ல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. ஜப்பானின் உள்நாட்டிலேயே முறையான கணக்கெடுப்பு 1920-ல்தான்! இதைக் கேட்டு ஆளைச் சாது என்று நினைக்க வேண்டாம். எதிர்த்தவர்களை ஆயிரக்கணக்கில் கொன்ற ஆட்சி அது. தைப்பே நகரின் கோட்டைச் சுவரை இடித்து, அந்த வட்டத்தில் மரம் வைத்த அகலச் சாலை போட்டார்கள். தடுக்க நகரமன்றம் என்று ஒன்று கிடையாது.

1906-ல் தென் மஞ்சூரிய ரயில்வேயின் முதல் தலைவர். பெயர்தான் ரயில் கம்பெனி. தண்டவாளத்தை ஒட்டிய பகுதிகளில் தெரு, சாக்கடை, பள்ளி, ஆஸ்பத்திரி எல்லாம் கம்பெனியுடையது.

இந்த ஆள் 1920 கடைசியில் டோக்கியோ மேயர் ஆகிறார். 80 கோடி யென்னுக்கு ஒரு திட்டம் போட்டார். ஊரே சிரித்தது, ‘பெரிய துணி விரிப்பவர்’ என்று பட்டப்பெயர். நம் ஊரில் ‘வாயாலேயே பந்தல் போடுகிறவன்’ என்போமே, அது.

1923 செப்டம்பர் 1, நண்பகல். காண்டோ நிலநடுக்கம். அடுப்பு எரிந்துகொண்டிருந்த நேரம், ஊர் மூன்று நாள் எரிந்தது. லட்சத்துக்கு மேல் சாவு. மறுநாள் கோத்தோ உள்துறை அமைச்சர். கையோடு அவர் சொன்னது: தலைநகரை மாற்ற வேண்டாம், எரிந்த நிலம் முழுவதையும் அரசே வாங்கி, தெருவை ஒழுங்காகப் போட்டு, அப்புறம் திருப்பிக் கொடுப்போம். 300, 400 கோடி யென் என்று பேச்சு. அன்றைக்கு நாட்டின் ஒரு வருட பட்ஜெட்டே ஏறக்குறைய 150 கோடி.

தைப்பேயாக இருந்தால் நடந்திருக்கும். டோக்கியோவில் நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். அவர்களில் சிலர் அதே ஆலோசனைக் குழுவில் உட்கார்ந்திருந்தார்கள். டோக்கியோவின் பெரிய கடைவீதியான கின்சாவில் சொத்து வைத்திருந்த இத்தோ மியோஜி என்ற பெரியவர் எழுந்து வெளுத்து வாங்கினார். மன்றம் வெட்டியது, மறுபடி வெட்டியது, கடைசியில் நின்றது 50 கோடிக்கும் கீழே. சில மாதத்தில் அமைச்சரவையும் போய், கோத்தோ வீட்டுக்குப் போய்விட்டார்.

ஆனால் மிச்சமானது கொஞ்சமில்லை. எரிந்த பகுதியில் 3,000 ஹெக்டேருக்கு மேல் நில மறுசீரமைப்பு. அதாவது எல்லோருடைய மனையையும் ஒன்றாகச் சேர்த்து, தெருவுக்கும் பூங்காவுக்கும் ஒரு பங்கு கழித்து, ஒழுங்கான மனையாகத் திருப்பித் தருவது. பத்தில் ஒரு பங்கு வரை நஷ்டஈடு இல்லாமலே எடுக்கலாம். 44 மீட்டர் அகலத்தில் ஷோவா சாலை, ஆரம்பப் பள்ளிகளை ஒட்டி 52 சிறு பூங்கா, சுமிதா ஆற்றின் மேல் இரும்புப் பாலங்கள். அந்தப் பள்ளிப் பூங்கா ஒன்றின் வழியாகத்தான் நான் தினம் ஆபீஸ் போகிறேன். நாலு மரம், ஒரு சறுக்கு, தண்ணீர்க் குழாய். நெருப்பு வந்தால் ஓடி நிற்க இடம்.

நிலவரைபடம்

நகரமைப்புத் துறையில் வேலை பார்க்கிறவள், அதனால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

இரண்டு கதையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோத்தோவும் தெலுவ்ரியேவும் காலனியிலிருந்து கொண்டுவந்தது ஒரே சரக்குதான்: எல்லாத் துறையும் ஒரு கையில், தனிப் பணம், உள்ளூர் மன்றத்துக்கு வெளியே ஒரு அமைப்பு. ஒருவருக்கு நடந்தது, இன்னொருவருக்கு நடக்கவில்லை. ஏன்? தெலுவ்ரியேக்குப் பின்னால் தெ கோல் நின்றார். அவருடைய ‘டிஸ்ட்ரிக்ட்’டுக்கு சொந்தமாக வரி போடும் உரிமை இருந்தது, குழுவில் பாதிப்பேர் அரசு நியமித்தவர்கள். கோத்தோவுக்குக் கையில் இருந்தது ஒரு நிலநடுக்கம் மட்டும்.

அதனால் கணக்குப்பிள்ளை சார், நீங்கள் கேட்ட ஆதாரத்தை ஊர்களின் வடிவத்தில் தேடினால் கிடைக்காது. செர்ஜியும் ஃபெஸ் புதுநகரமும் ஒன்றுபோல் இல்லை. அமைப்புச் சட்டகத்தில் தேடினால் கிடைக்கும். இன்னொரு சாட்சியம் வேண்டுமா? மொரோக்கோவில் 1914 ஏப்ரலில் நகரத் திட்டமிடலுக்கு அரசாணை வந்துவிட்டது. பிரான்சில் பத்தாயிரம் பேருக்கு மேல் உள்ள ஊர்கள் திட்டம் போட வேண்டும் என்ற சட்டம் 1919 மார்ச்சில். ஐந்து வருடம் பிந்தி! காசாபிளாங்கா, ரபாத் எல்லாவற்றுக்கும் திட்டம் வரைந்த ஆன்றி ப்ரோஸ்ட் ஊர் திரும்பி, பாரிஸ் வட்டாரத்துக்கு முதல் பெருந்திட்டத்தை 1934-ல் கொடுத்தார். பாரிஸ் நடுவே இருக்கும் நோத்ர் தாம் தேவாலயத்திலிருந்து எல்லாப் பக்கமும் 35 கிலோமீட்டர். மொரோக்கோவில் லியோத்தே கையெழுத்துப் போட்டால் போதும். இங்கே நூற்றுக்கணக்கான ஊராட்சிகள், ஒப்புதலுக்கு ஐந்து வருடம், 1939-ல் வந்தது. அடுத்து என்ன வந்தது என்று சொல்ல வேண்டுமா.

லாகூர்நேவ் அக்கா

எல்லோரும் பெரிய அதிகாரிகளையே பேசுறீங்கள். கீழ்மட்டத்தையும் பாருங்கோ.

1956-ல் அல்ஜீரியத் தொழிலாளர்களுக்கு வீடு கட்ட என்று ‘சொனாக்கொத்ரால்’ தொடங்கினார்கள். பெயரின் கடைசி எழுத்தே அல்ஜீரியரைக் குறிப்பது. சுதந்திரத்துக்குப் பிறகு அதை மட்டும் வெட்டிவிட்டு ‘சொனாக்கொத்ரா’ ஆக்கினார்கள். சின்னஞ்சிறு அறைகள், நீளத் தாழ்வாரம், பொதுச் சமையலறை. விடுதி மேலாளர்களில் பெரும்பாலோர் இந்தோசீனா, அல்ஜீரியா போர்களில் இருந்த பழைய ராணுவத்தினர். “அரபி பேசத் தெரியும், இவங்களை மேய்க்கத் தெரியும்” என்பதுதான் தகுதி. விருந்தாளி எத்தனை மணிக்குள் போகவேணும் என்றெல்லாம் கட்டுப்பாடு. 1975-ல் தொடங்கி ஐந்து வருடம் வாடகை கொடுக்காமல் விடுதிவாசிகள் போராடியபோது, வாடகையோடு சேர்த்து இந்த அடக்குமுறையையும்தான் எதிர்த்தார்கள்.

பாரிசை ஒட்டிய நாந்தேரில் அல்ஜீரியர் இருந்த தகரக்கொட்டகைகளையும் சேருங்கோ. கோன்ஸ்தாந்தீனில் அதிகாரியாக இருந்த மொரிஸ் பபோன் 1958-ல் பாரிஸ் காவல்துறைத் தலைவர். அல்ஜீரியக் கிராமங்களில் வேலை செய்த ராணுவ அதிகாரிகளைக் கூட்டிவந்து, இங்கே அல்ஜீரியர் குடியிருப்புகளைக் கவனிக்கத் தனிப்பிரிவு வைத்தார். வீடு ஒதுக்கவும் அவர்கள்தான், துப்பறியவும் அவர்கள்தான். செர்ஜியில் கான்கிரீட் தளம் போட்டவர்களைப்போல இவர்களும் ‘அங்கே பழகியவர்கள்’. இதை விட்டுவிட்டுப் பேசினால் பாதிக்கதை.

வாய்க்கால்கரை

அக்கா சொன்னது சுருக்கென்று தைத்தது. எங்கள் தாத்தா சொல்தா. இந்தோசீனாவில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். இங்கே வந்தபின் அவருக்கும் ஒரு கட்டடத்தில் காவல் வேலைதான் கிடைத்தது. மேய்க்கிறவனா மேய்க்கப்படுகிறவனா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

கொஞ்சம் இழைக்கு வெளியே: பேட்ரிக் கெட்டெஸ் இதில் வருவாரா? ஸ்காட்லாந்துக்காரர், மதுரை, தஞ்சாவூர் எல்லாம் நடந்து பார்த்து அறிக்கை எழுதினாரே. அவருடைய நகரக் கண்காட்சி ஏறி வந்த கப்பலை 1914-ல் எம்டன் மூழ்கடித்துவிட்டது. நம் ‘எம்டன்’தான்! மறுபடி படங்கள் சேர்த்து 1915-ல் சென்னையில் காட்டினார்கள்.

நிலவரைபடம்

எம்டன் கதைக்காகவே அவரைச் சேர்க்கலாம். :) ஆனால் அவர் நிர்வாகி இல்லை, கையில் அதிகாரம் இல்லை. சந்துகளை இடித்து நேர்த்தெரு போடாதே, நாலு வீட்டை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தைக் காப்பாற்று என்று எழுதினார். எடின்பரோவில் முன்பே செய்து பார்த்த வைத்தியம் அது. அங்கிருந்து இங்கே வந்தது. இந்த இழையின் போக்குக்கு எதிர்த்திசை. தனி இழை போடுங்கள், வருகிறேன்.

கணக்குப்பிள்ளை

சரி, சட்டக வாதத்தை ஒப்புக்கொள்கிறேன், முழுதாக இல்லை, முக்கால். வடிவமும் வந்ததற்கு நானே ஒரு சாட்சி கொடுத்துவிடுகிறேன், இல்லாவிட்டால் தூக்கம் வராது. காசாபிளாங்காவில் சேரிவாசிகளுக்காக எக்கோஷார் என்ற பிரெஞ்சு நகரமைப்பாளர் 8-க்கு 8 மீட்டர் மனைக் கட்டங்கள் போட்டார். அதே இடத்தில் 1950-களின் தொடக்கத்தில் கந்திலிஸ், வுட்ஸ் என்ற இரண்டு கட்டடக் கலைஞர்கள் அடுக்குவீடு கட்டினார்கள். முற்றத்தை எடுத்து ஒவ்வொரு மாடியிலும் தொங்கவிட்ட மாதிரி. இந்த இருவரும் பிரான்ஸ் திரும்பி, ஜோசிக் என்ற இன்னொருவரோடு சேர்ந்து, துலூஸ் நகரை ஒட்டி ஒரு லட்சம் பேருக்கு துலூஸ்-லெ-மிராய் வரைந்தார்கள். அங்கேயும் கார் கீழே, நடப்பவர் மேலே. அதில் பல கட்டடங்களை இப்போது இடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் அவர்கள் கட்டடக் கலைஞர்கள், ஆட்சியாளர்கள் இல்லை. அந்தக் கால் பங்கை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

யோகஹாமாக்காரன்

ஒரு பின்குறிப்பு. 1945 மார்ச் 10 குண்டுவீச்சில் டோக்கியோவின் கிழக்குப் பகுதி மறுபடி எரிந்தது. 1983-ல் சக்கரவர்த்தி ஹிரோஹிதோ, கோத்தோவின் திட்டம் அப்படியே நிறைவேறியிருந்தால் போரில் இவ்வளவு சேதம் வந்திருக்காது என்று வருந்திப் பேசினார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தைப்பேயில் சுவர் இடித்தபோது யார் வீடு போனது என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை.

செர்ஜிவாசி

கால் பங்கை வைத்துக்கொள்ளுங்கள் சார், பாதகமில்லை. லாகூர்நேவ் அக்கா சொன்னதைத்தான் நான் முதல் இடுகையிலேயே எழுதியிருக்க வேண்டும். கான்கிரீட்டையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

நேற்று மாலை மாமனாரோடு செர்ஜி சேன்-கிறிஸ்தோஃப் ஸ்டேஷன் பக்கம் நடந்தேன். அங்கே வாசலில் மாடி உயரத்துக்கு ஒரு கடிகாரம் இருக்கிறது, முள்ளுக்குப் பின்னால் வானம் தெரியும். அதற்குக் கீழே சந்தை. நம் ஆட்கள், செனகல்காரர்கள், அல்ஜீரிய மலைநாட்டுக் கபீல்காரர்கள். புதினாக் கட்டு விற்கும் பெரியவரிடம் எந்த ஊர் என்று மாமனார் தன் பழைய பிரெஞ்சில் கேட்டார். “கோன்ஸ்தாந்தீன்” என்றார் அவர். நான் தெலுவ்ரியே பெயரைச் சொல்லிப் பார்த்தேன். கேள்விப்பட்டதே இல்லையாம். இரண்டு கட்டு வாங்கினோம், மூன்றாவதைச் சும்மா கொடுத்தார்.